ரப்பர் சூப்பானும் பால்பற்களின் ஒழுங்கும்

பெங்களூர் நகரில் பீன்யா, பொம்மனஹள்ளி, மைசூர் சாலை ஆகிய வட்டாரங்களில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் பல உள்ளன. அவற்றில் பணிபுரிவோரில் பெரும்பாலோர் பெண்கள்; கைக்குழந்தையுடைய தாய்மாரும் அவர்களுள் அடங்குவர். காலையில் தாய் வேலைக்குச் சென்றது முதல் மாலையில் வீடு திரும்பும் வரை குழந்தையைப் பேணும் பொறுப்பு பாட்டியையோ, அண்டை வீட்டாரையோ, குழந்தைகள் காப்பகத்தையோ சேர்கிறது. அழும் குழந்தையை அமர்த்த இவர்களுக்கு எளிதில் கிடைக்கும் சாதனங்களுள் ஒன்று ரப்பர் சூப்பான். கடைகளில் ‘நிப்பிள்’ என்றே இதனைக் கேட்டு வாங்குகின்றனர். பால் பாட்டிலின் காம்பைப் போன்ற தோற்றமுடையதாயினும், இதன் வழியே பால் வருவதில்லை. குழந்தை வெறுமனே சூப்புவதற்கென்றே இது செய்யப்படுகிறது.

இச்சிறு பொருள் குழந்தையின் பல்வரிசையைக் கெடுக்குமா என்று அங்கன்வாடிப் பணியாளரிடமும் ஆசிரியரிடமும் தாய்மார் வினவுவதுண்டு. நிச்சயமாகக் கெடுக்கும் என்பது ஒரு சாரார் விடை; பால்பற்கள் எப்படியும் விழுந்துவிடுவன, ஆதலின் கவலை வேண்டா என்பது மற்றொரு சாரார் விடை. இரண்டும் முழு உண்மை அல்ல. சூப்பான் ஒரு நாளில் எவ்வளவு நேரம் வாயில் இருக்கிறது, எந்த வயது வரை இருக்கிறது என்னும் இரண்டைப் பொறுத்தே விளைவு அமைகிறது. முதற்பல் தோன்றுவதற்கும் மூன்றாம் ஆண்டு நிறைவதற்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் தாய்க்கு இதனைத் தெளிவாக எடுத்துரைத்தால், பின்னர்ப் பொருட்செலவு செய்து திருத்த வேண்டிய குறையைச் செலவின்றியே தவிர்க்கலாம்.

சூப்பும் இயல்பு

சூப்புதல் குழந்தை கற்றுக்கொள்ளும் தீய பழக்கம் அன்று. பிறவியிலேயே அமைந்த செயல். கருவிலுள்ள சிசு விரலைச் சூப்புவதை ஒலி அலைப் படங்களில் காணலாம். சூப்புதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இயைந்து நடைபெறும் திறன் கர்ப்பத்தின் 32 முதல் 34 வாரங்களில் உருவாகிறது. இத்திறன் அமையுமுன்னரே பிறந்துவிடும் குறைமாதக் குழந்தைகள் முலைப்பால் பருக இயலாது இடர்ப்படுவதற்கு இதுவே காரணம்.

பால் பருகுவதற்காகச் சூப்புவது ஒரு வகை. மன அமைதிக்காகச் சூப்புவது மற்றொரு வகை. வயிறு நிறைந்த பின்னும் விரலைச் சூப்பிக்கொண்டே குழந்தை உறங்கிவிடுவது இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இத்தேவையை நிறைவுசெய்ய மக்கள் பல காலமாகவே பற்பல பொருள்களைக் கையாண்டுள்ளனர். துணியில் இனிப்பை முடிந்து வாயில் வைப்பது ஐரோப்பாவிலும் பழைய வழக்கமே. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1506ஆம் ஆண்டில் தீட்டிய ஓவியமொன்றில் குழந்தையின் கையில் இத்தகைய துணிச் சூப்பான் காணப்படுகிறது. ரப்பர்க் காம்பும், அதனை வாய்க்குள் முழுவதும் போகவிடாது தடுக்கும் தட்டும் கொண்ட இக்கால வடிவம் 1900ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் உருப்பெற்றது.

நம் நாட்டில் பிள்ளையின் கையில் வசம்பு வளையல் கட்டுவதும், மரக் கிலுகிலுப்பை கொடுப்பதும் வழக்கம். பெங்களூரிலிருந்து தென்மேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சன்னபட்டணத்தில் கடைந்து, அரக்குச் சாயம் ஏற்றப்படும் மரப் பொம்மைகளை அறியாதார் இலர். குழந்தை இவற்றையும் வாயில் வைத்துக் கடிக்கவே செய்கிறது. எனினும் சில நிமிடங்கள் கடித்துவிட்டு எறிந்துவிடுகிறது. மணிக்கணக்கில் வாயை விட்டு நீங்காதிருப்பதே ரப்பர் சூப்பானுக்கும் இவற்றுக்கும் உள்ள வேற்றுமை. இவ்வேற்றுமை ஏன் முக்கியமானது என்பதை அறிய, பற்கள் தம் இடத்தில் எவ்வாறு நிற்கின்றன என்பதை முதலில் காண வேண்டும்.

பால்பற்கள் தோன்றும் முறை

பால்பற்கள் மொத்தம் 20. கருவின் ஆறாம் வாரத்திலேயே அவற்றின் முளைகள் உருவாகத் தொடங்குகின்றன. பிறந்த பின் சுமார் 6 முதல் 10 மாதங்களுக்குள் கீழ்த்தாடையின் நடு வெட்டுப்பற்கள் முதலில் வெளிப்படுகின்றன. அடுத்து மேல் வெட்டுப்பற்கள் வருகின்றன. ஒன்றேகால் வயதையொட்டி முதற் கடைவாய்ப்பற்களும், பின்னர்க் கோரைப்பற்களும், 2 முதல் 2¾ வயதுக்குள் இரண்டாம் கடைவாய்ப்பற்களும் தோன்றி வரிசை நிறைவடைகிறது. ஏறத்தாழ 6 வயதில் பால்பற்களின் வரிசைக்குப் பின்னே முதல் நிலைக் கடைவாய்ப்பல் எழுகிறது. முன்பற்களும் அதனையொட்டி விழுந்து முளைக்கத் தொடங்குகின்றன.

பால்பற்கள் விழுந்துவிடுவன என்பதால் அவற்றைப் புறக்கணிப்பது தவறு. மெல்லுவதற்கும் பேசுவதற்கும் அவை பயன்படுவதோடு, பின்வரும் நிலைப்பற்களுக்கு இடம் காத்தும் நிற்கின்றன. மேலும், பற்கள் விழுந்தாலும் அவை பொருந்தியிருந்த தாடை எலும்பு விழுவதில்லை. பால்பற் பருவத்தில் தாடை குறுகிவிட்டால், அக்குறுகிய தாடையிலேயே நிலைப்பற்கள் முளைக்க நேரிடும்.

ஒழுங்காக அமைந்த வாயில் மேற்பல் வரிசை கீழ்ப்பல் வரிசையைச் சற்றே வெளிப்புறமாகத் தழுவி நிற்கும். சம்புடத்தின் மூடி அதன் வாயைத் தழுவி நிற்பதை இதற்கு உவமை கூறலாம். முன்புறம், பின்புறம், இருபக்கம் ஆகிய எல்லா இடங்களிலும் மூடி வெளியேயும் சம்புடம் உள்ளேயும் இருத்தல் வேண்டும்.

நாக்கும் கன்னமும் காக்கும் சமநிலை

சுவரில் பதித்த கல்லைப் போலப் பல் அசைவற்றது என்று பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய தசைநார் உள்ளது. பல்லின்மீது ஒரு பக்கமாக இலேசான அழுத்தம் நீடித்து விழுமாயின், அழுத்தும் பக்கத்து எலும்பு கரைந்தும் எதிர்ப்பக்கத்து எலும்பு வளர்ந்தும் பல் மெல்ல நகர்கிறது. பல் மருத்துவர் கம்பி பூட்டிப் பற்களை வரிசைப்படுத்துவதும் இவ்வியல்பைக் கொண்டே.

இயல்பான நிலையில் நாக்கு உள்ளிருந்து பற்களை வெளியே தள்ளுகிறது. உதடும் கன்னமும் வெளியிலிருந்து உள்ளே தள்ளுகின்றன. வாய் மூடி ஓய்ந்திருக்கும்போது நாக்கு மேலண்ணத்தில் படிந்து, மேல்தாடை குறுகாதபடி அச்சுப்போலத் தாங்குகிறது. இவ்விரு புறத்து விசைகளின் இடையே பற்கள் தம் இடம் பெறுகின்றன.

இச்சமநிலையில் விசையின் வலிமையைவிட அது நீடிக்கும் காலமே பெரிது. அமெரிக்கப் பல் சீரமைப்பு அறிஞர் வில்லியம் புரோஃபிட் 1978ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். உணவை மெல்லும்போது பல்லின்மேல் பெருவிசை விழுகிறது. ஆயினும் அது நொடிப்பொழுதே நிற்பதால் பல் நகர்வதில்லை. மாறாக, மிகச் சிறிய விசையாயினும் நாள்தோறும் ஏறத்தாழ 6 மணி நேரம் நீடிக்குமாயின் பல் நகரத் தொடங்குகிறது. உறங்கும்போது வாயிலிருந்து தானே விழுந்துவிடும் சூப்பானுக்கும், இரவு முழுவதும் பகலிற் பாதியும் வாயிலிருக்கும் சூப்பானுக்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும்.

சூப்பானால் விளையும் மாற்றங்கள்

சூப்பான் வாயில் இருக்கும்போது மூன்று மாற்றங்கள் ஒருங்கே நிகழ்கின்றன. முதலாவதாக, அதன் காம்பு மேல் கீழ் வெட்டுப்பற்களுக்கு இடையே ஆப்புப்போல நிற்கிறது. முளைத்து வரும் பற்கள் அவ்விடத்தில் முழு வளர்ச்சி பெறாது நின்றுவிடுகின்றன. பின்பற்கள் ஒன்றையொன்று தொட்டாலும் முன்பற்களுக்கு இடையே நீள்வட்டமான திறப்பு எஞ்சுகிறது. இதனைத் திறந்த கடி என்பர்.

இரண்டாவதாக, நாக்கு மேலண்ணத்தில் படிய இடமின்றிக் கீழே தாழ்ந்துவிடுகிறது. அதனால் மேல்தாடை உள்ளிருந்து பெறும் தாங்குதலை இழக்கிறது. மூன்றாவதாக, சூப்பும்போது கன்னத் தசைகள் சுருங்கி மேற்பற்களை, குறிப்பாகக் கோரைப்பல் இருக்கும் பகுதியை, இருபுறமும் உள்நோக்கி நெருக்குகின்றன. தாங்குதல் குறைந்து நெருக்குதல் மிகுவதால் மேல்தாடை குறுகுகிறது. தாழ்ந்து கிடக்கும் நாக்கோ கீழ்ப்பல் வரிசையை அகலப்படுத்துகிறது. முடிவில் சம்புடத்தின் மூடி சிறுத்து அடிப்பாகம் பெருத்ததுபோல், மேல் கடைவாய்ப்பற்கள் கீழ்ப்பற்களின் உட்புறமாக அமர்கின்றன. இதுவே குறுக்குக் கடி. மேல் முன்பற்கள் உதட்டை நோக்கித் துருத்துவதும் சில குழந்தைகளிடம் காணப்படும்.

இவற்றுள் திறந்த கடியே பெற்றோரின் கண்ணில் முதலில் படுகிறது. அவர்களைப் பெரிதும் அச்சுறுத்துவதும் அதுவே. ஆனால் தானாகவே சரியாகும் வாய்ப்பு மிக்கதும் அதுதான். மூன்று வயதுக்குள் சூப்பானை நிறுத்திவிட்டால், தடையின்றி எஞ்சிய வளர்ச்சி நிகழ்ந்து, பெரும்பாலான குழந்தைகளிடம் சில மாதங்களில் முன்திறப்பு மூடிவிடுகிறது.

குறுக்குக் கடியோ வெளிப்பார்வைக்குப் புலப்படாதது, வலியும் தராதது, ஆனால் தானே சரியாவது அரிது. மேல்தாடை குறுகிய குழந்தை இருவரிசைப் பற்களும் வசதியாகப் பொருந்தும் இடத்தைத் தேடிக் கீழ்த்தாடையை ஒரு பக்கமாக நகர்த்திக் கடிக்கப் பழகுகிறது. வளரும் பருவத்தில் இது நீடித்தால் தாடையின் இருபுறமும் சமமாக வளராமற் போகக்கூடும். ஆதலின் கண்ணுக்குத் தெரியும் குறையைக் கண்டு கலங்குவதைவிட, கண்ணுக்குத் தெரியாத குறையைத் தேடிக் காண்பதே பணியாளரின் கடமையாகிறது.

எந்த வயதில் நிறுத்துவது?

நிலைப்பற்கள் முளைக்குமுன் பழக்கம் நின்றுவிட்டால் போதும் என்பதே முன்னர் நிலவிய கருத்து. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஜான் வாரன், சமீர் பிஷாரா ஆகியோர் குழந்தைகள் பலரைப் பிறப்பு முதல் தொடர்ந்து கவனித்து, 2001, 2002ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆராய்ச்சி முடிவுகள் இக்கருத்தை மாற்றின. இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில் பழக்கத்தை நிறுத்திய குழந்தைகளிடமும், அதற்கு முன்னரே நிறுத்திய குழந்தைகளிடம் இல்லாத மாறுபாடுகள் காணப்பட்டன. நான்கு வயதுக்கு மேலும் தொடர்ந்தவர்களிடம் அவை மிகுந்திருந்தன. பழக்கம் நின்ற பின்னும் குறுக்குக் கடியும் முன்துருத்தலும் சிலரிடம் எஞ்சி நின்றன.

அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகம் சூப்பும் பழக்கத்தை 36 மாதங்களிலோ அதற்கு முன்போ நிறுத்துமாறு அறிவுறுத்துகிறது. பற்களின் நலனை மட்டும் நோக்கினால், ஒரு வயதில் குறைக்கத் தொடங்கி இரண்டு வயதில் முற்றிலும் நிறுத்துவது சாலச் சிறந்தது. மூன்று வயது என்பது கடக்கக்கூடாத எல்லை எனக் கொள்ளலாம்.

பற்களுக்கு ஏற்றவை எனக் கூறித் தட்டையான காம்புடைய சூப்பான்களும் கடைகளில் விற்கப்படுகின்றன. இவ்வகை 1949ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வகுக்கப்பட்டது. காம்பு மெல்லியதாயின் முன்பற்களின் திறப்பு ஓரளவு குறையலாம். ஆயினும் நாக்கைத் தாழ்த்துவதில் இதுவும் மற்றவற்றைப் போன்றதே. எவ்வடிவமும் காலக் கட்டுப்பாட்டுக்கு ஈடாகாது.

விரல் சூப்புதலும் பிற பழக்கங்களும்

சூப்பான் ஒன்றே பல்வரிசையைப் பாதிப்பதன்று. கட்டைவிரலைச் சூப்பும்போது விரல் மேல் முன்பற்களை வெளியே நெம்புவதால் அவை துருத்துகின்றன. கீழ் முன்பற்கள் உட்புறம் சாய்கின்றன. சூப்பானை எடுத்து ஒளித்து வைக்கலாம். விரலை அவ்வாறு செய்ய இயலாது. சூப்பான் பழகிய குழந்தைகள் விரல் பழகியவர்களைவிட இளவயதிலேயே அதனை விட்டுவிடுவதன் காரணம் இதுவே.

கர்நாடகத்தின் மங்களூரில் 4,590 பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 1998ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் 29.7 சதவீதத்தினரிடம் ஏதேனும் ஒரு வாய்ப்பழக்கம் காணப்பட்டது. விரல் சூப்புதலும், பென்சில் கடித்தலும், நாக்கை முன்னே தள்ளுதலும் 3 முதல் 6 வயதுப் பிரிவினரிடையே மிகுந்திருந்தன. டில்லியில் 5 முதல் 13 வயது வரையுள்ள 5,554 பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் வாய்ப்பழக்கம் உடையோர் 25.5 சதவீதம். அவற்றுள் நாக்கை முன்னே தள்ளும் பழக்கம் 18.1 சதவீதமாகவும், கட்டைவிரல் சூப்புதல் 0.7 சதவீதமாகவும் இருந்தன.

விழுங்கும்போது நாக்கை முன்னே தள்ளும் பழக்கத்துக்குக் காரணங்கள் பல. முன்பற்களிடையே திறப்புள்ள குழந்தை உணவை விழுங்கும்போது அத்திறப்பை நாக்கால் அடைக்கிறது. அவ்வாறு அடைக்கும் நாக்கே பின்னர்த் திறப்பு மூடாமல் தடுத்துவிடுவதும் உண்டு. ஸகரம் போன்ற ஒலிகளை உச்சரிக்கையில் நாக்கின் நுனி பற்களிடையே வெளிப்படுவதை ஆசிரியர் கவனித்தால், குழந்தையைக் கடிந்து திருத்த முயலுமுன் அதன் பற்களை ஒருமுறை நோக்குதல் நன்று.

இனிப்பினால் நேரும் பெருங்கேடு

பல்வரிசை மாறுவது ஒருபுறமிருக்க, நம் இல்லங்களில் அதனினும் விரைந்து கேடு செய்வது இனிப்பு. பிறந்த சிசுவுக்குச் சேனை தொட்டு வைக்கும் வழக்கம் ஒரு நாளோடு முடிவது. ஆனால் குழந்தை சூப்பானை ஏற்க மறுக்கும்போது அதனைச் சர்க்கரைத் தண்ணீரிலோ தேனிலோ தோய்த்துக் கொடுப்பது நாள்தோறும் நிகழும் வழக்கமாகிவிடுகிறது. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. வாயின் அமில காரக் குறியீடு 5.5க்குக் கீழே இறங்கும்போது பல்லின் எனாமல் கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் இவ்வமிலத்தைக் கழுவிப் பல்லைக் காக்கிறது. ஆனால் உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைவு. எனவே இனிப்புச் சூப்பானுடன் உறங்கும் குழந்தையின் மேல் முன்பற்கள் இரவெல்லாம் அமிலத்தில் ஊறுகின்றன. ஈற்றோரத்தில் சுண்ணாம்புக் கோடு போன்ற வெண்மை முதலில் தோன்றும். பின்னர் அது பழுப்பேறிச் சொத்தையாகும்.

தேனில் மற்றோர் ஆபத்தும் உண்டு. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துக்கள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலற்றதாக்கும். ஆகையால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் அறவே கூடாது.

தரையில் விழுந்த சூப்பானைத் தாய் தன் வாயிலிட்டுத் துடைத்துக் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். சொத்தையை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் தாயின் உமிழ்நீர் வழியே குழந்தையின் வாயில் குடியேறக்கூடும். புடவைத் தலைப்பில் துடைப்பதும் போதாது. அழுக்குச் சூப்பான் வயிற்றுப்போக்கைக் கொணரும்.

நன்மையும் உண்டு

சூப்பானால் நன்மையே இல்லை எனக் கூறுவது நேர்மையாகாது. உறங்கும் சிசு காரணம் புலப்படாது திடீரென இறந்துபோகும் நிகழ்ச்சிகள், உறங்கும்போது சூப்பான் பழகிய சிசுக்களிடையே குறைவு என்பது பல ஆய்வுகளில் கண்ட உண்மை. அதனையொட்டி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2005ஆம் ஆண்டில், முதலாண்டில் உறங்கும் வேளையில் மட்டும் சூப்பான் கொடுக்கலாம் எனப் பரிந்துரைத்தது. தாய்ப்பால் பருகும் குழந்தைக்கு, பால் குடிக்கும் பழக்கம் நன்கு நிலைபெற்ற பின்னரே அதனைத் தொடங்க வேண்டும் என்றும் அக்கழகம் கூறியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பின்லாந்தில் நடைபெற்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், சூப்பானைக் குறைக்குமாறு பெற்றோர்க்கு அறிவுரை கூறப்பட்ட பிரிவில் குழந்தைகளின் நடுச்செவி அழற்சி 29 சதவீதம் குறைந்தது. சூப்பானை உறங்கும் நேரத்துக்கு மட்டும் என வரையறுப்பதே அங்கு அளிக்கப்பட்ட அறிவுரை.

தாய்ப்பாலைப் பொறுத்தவரை எச்சரிக்கை தேவை. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் 1989ஆம் ஆண்டில் வகுத்த பத்து நெறிகளுள், தாய்ப்பால் பருகும் சிசுவுக்குச் சூப்பான் தரக்கூடாது என்பதும் ஒன்று. 2018ஆம் ஆண்டில் இது திருத்தப்பட்டு, பாட்டில், காம்பு, சூப்பான் ஆகியவற்றின் பயனையும் தீங்கையும் தாய்க்கு எடுத்துரைக்க வேண்டும் என்றாயிற்று. இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் பால் பாட்டிலையும் அதன் காம்பையும் விளம்பரப்படுத்துவதைத் தடைசெய்கின்றன. முலைப்பால் நீண்டகாலம் பருகும் குழந்தைகள் சூப்பானையும் விரலையும் நாடுவது குறைவு என்பதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

குழந்தையின் வாயைப் பார்க்கும் முறை

களப்பணியாளர் இச்சோதனையை எவ்விதக் கருவியுமின்றிச் செய்யலாம். தாயும் பணியாளரும் எதிரெதிரே முழங்கால்கள் தொட அமர வேண்டும். குழந்தையின் கால்கள் தாயின் இடுப்பின் இருபுறமும் இருக்க, தலை பணியாளரின் மடியில் சாய்ந்திருக்க வேண்டும். தாயின் முகத்தைக் கண்டுகொண்டிருப்பதால் குழந்தை அஞ்சுவதில்லை. கையைச் சோப்பினால் கழுவியபின் உதட்டை மெல்ல உயர்த்திப் பின்வருவனவற்றைக் காணலாம்.

1. பின்பற்கள் பொருந்தியிருக்கும்போது மேல் கீழ் முன்பற்களுக்கு இடையே திறப்பு உள்ளதா?

2. கன்னத்தைச் சற்றே விலக்கிப் பார்க்கையில், மேல் கடைவாய்ப்பற்கள் கீழ்ப்பற்களுக்கு வெளியே உள்ளனவா, உள்ளே உள்ளனவா? இருபுறமும் பார்த்தல் வேண்டும்.

3. வாய் மூடும்போது மோவாய் ஒரு பக்கமாக நகர்கிறதா?

4. மேல் முன்பற்களின் ஈற்றோரத்தில் வெண்கோடோ பழுப்புப் புள்ளியோ உள்ளதா?

முதல் வினாவுக்கு மட்டும் ஆம் என்பது விடையாகி, குழந்தைக்கு மூன்று வயது நிரம்பாதிருப்பின், பழக்கத்தை நிறுத்தச் செய்து ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்த்தால் போதும். மேல் கடைவாய்ப்பற்கள் உள்ளே அமைந்திருந்தாலோ, மோவாய் நகர்ந்தாலோ, ஈற்றோரத்தில் கறை தென்பட்டாலோ காலந்தாழ்த்தாது பல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறை வருகை புரியுமாறு வகுக்கப்பட்டுள்ளது. அவ்வேளையில் இக்குழந்தைகளின் பெயர்களைத் தனியே குறித்துக் கொடுப்பது நலம். பெங்களூரில் கோட்டைப் பகுதியில் விக்டோரியா மருத்துவமனையை அடுத்துள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளுக்கெனத் தனித் துறையும் உண்டு.

பழக்கத்தை நிறுத்தும் வழி

வேப்பெண்ணெய் தடவுதல், மிளகாய் பூசுதல், அடித்தல், ஏளனம் செய்தல் ஆகியவை தகா. அச்சமுற்ற குழந்தை ஆறுதலை மேலும் நாடுமேயன்றிக் குறைக்காது. சூப்பான் கிட்டாதபோது விரலுக்கு மாறிவிடவும் கூடும். காம்பின் நுனியை வெட்டிக் கொடுப்பதும் ஆபத்தானது. துண்டு கிழிந்து தொண்டையை அடைக்கலாம். சூப்பானைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிவிப்பது அதனினும் கொடிது.

படிப்படியாகக் குறைப்பதே ஏற்ற வழி. முதல் வாரத்தில் விளையாடும் நேரத்தில் சூப்பானைக் கண்ணில் படாது வைத்துவிட வேண்டும். கைக்கு வேலை தரும் விளையாட்டுப் பொருள்கள் இருப்பின் குழந்தை அதனைத் தேடுவது குறையும். அடுத்துப் பகல் உறக்கத்தில் நிறுத்தி, தாலாட்டும் தட்டிக்கொடுத்தலும் அதன் இடத்தைப் பெறச் செய்யலாம். இரவு உறக்கத்தை இறுதியாகக் கொள்ள வேண்டும். அதுவரை, குழந்தை கண்ணயர்ந்ததும் சூப்பானை மெல்ல எடுத்துவிடுதல் நன்று. இவ்வொரு செயலாலேயே பற்களின்மேல் அழுத்தம் விழும் நேரத்தில் பெரும்பகுதி குறைந்துவிடும். தம்பி அல்லது தங்கை பிறந்த வேளை, நோயுற்ற வேளை, வீடு மாறும் வேளை ஆகியவற்றில் இம்முயற்சியைத் தொடங்குதல் ஆகாது.

வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரே முறையைப் பின்பற்றாவிட்டால் இது நிறைவேறாது. பகலில் குழந்தையை வைத்திருப்பவர் பாட்டியாயின், அறிவுரை பாட்டிக்கே சென்று சேர வேண்டும். கர்நாடக அரசு 2023ஆம் ஆண்டில் அறிவித்த ‘கூசின மனெ’ என்னும் கிராமப்புறக் காப்பகங்களின் பணியாளர்க்கும், தொழிற்சாலைக் காப்பகங்களின் ஆயாமார்க்கும் இது பொருந்தும். ஒரே பணியாளர் பல குழந்தைகளைக் கவனிக்கும் இடத்தில், அமைதிக்காகச் சூப்பானை எல்லா வேளையிலும் வாயிலிட்டு வைப்பது எளிய வழியாகத் தோன்றும். உறங்கும் நேரம் தவிரச் சூப்பான் பெட்டியை விட்டு வெளிவரலாகாது என்னும் ஒரு விதியே அங்கு போதுமானது. ஒரு குழந்தையின் சூப்பானை மற்றொன்றுக்குக் கொடுக்காதிருக்க, பெயர் எழுதிய தனித்தனிக் கிண்ணங்களில் மூடி வைத்தல் வேண்டும்.

வேலைக்குச் செல்லும் தாய் சூப்பானை நாடுவது அசட்டையினால் அன்று. வேறு வழியின்மையால் என்பதைப் பணியாளர் மறத்தலாகாது. குற்றஞ்சாட்டப்பட்ட தாய் மறுமுறை உண்மையைக் கூறமாட்டாள். உறங்கும்போது மட்டும் கொடுக்கலாம், இனிப்புத் தோய்க்கலாகாது, இரண்டு வயதில் நிறுத்திவிட வேண்டும் என்னும் மூன்று செய்திகளையும் குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் நாளிலேயே அவளிடம் கனிவுடன் கூறிவிடலாம். பள்ளியில் சேரும் வயதில் ஆசிரியர் காணும் கோணற் பல்வரிசை பல குழந்தைகளிடம் அங்கன்வாடிப் பருவத்திலேயே தொடங்கியது. அதனை அப்பருவத்திலேயே கண்டு நீக்கும் வாய்ப்பு, குழந்தையை நாள்தோறும் காணும் பணியாளருக்கே முதலில் வாய்க்கிறது.